லஞ்ச ஒழிப்பு இயக்குநரை மாற்றிவிட்டால் என் புகார் என்ன ஆகும்?

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து, 61 வயதான ஆச்சி ஒருவர் பத்துப் பக்கங்களில் தம் நிலையை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் காலமான பிறகு, பூர்வீக வீடும் அதை ஒட்டிய காலிமனையும் பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினையாகி, பத்திரம் முறையாகப் பதிவாகிவிட்டது. தம் பங்குக்கு உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு ஆச்சி விண்ணப்பித்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அளந்து கொடுக்க வேண்டிய சர்வேயர், ஊரிலுள்ள பத்திர எழுத்தர் ஒருவர் வழியாக 40,000 ரூபாய் கேட்டிருக்கிறார். வேறு வழி தெரியாமல் இரண்டு மாதங்களுக்கு முன் 15,000 ரூபாய் கொடுத்தாயிற்று. மீதியைக் கொடுத்தால்தான் கோப்பு நகரும் என்று இப்போது மீண்டும் தொலைபேசி வருகிறது. அந்தப் பேச்சு கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது. "இதில் பாதி மேலே போகிறது" என்றும் பத்திர எழுத்தர் சொல்லியிருக்கிறார்.

லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம் என்றால், கொழுந்தனார் தடுக்கிறார்: அதன் தலைவரை அரசுதான் போடுகிறது, அரசுதான் மாற்றுகிறது, ஆட்சி மாறினால் வழக்கும் மாறும் என்கிறார். சென்னையிலுள்ள மருமகன் சிபிஐக்கு எழுதச் சொல்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனோ, அங்கே இப்படிப்பட்ட அமைப்பு பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இருப்பதால்தான் யாரும் வாலாட்டுவதில்லை, இங்கே எதுவும் நடக்காது, விட்டுவிடுங்கள் என்கிறார். பெயர் போடாமல் ஐந்து அலுவலகங்களுக்கு ஒரே மனுவை அனுப்பிவிடலாமா என்று யோசிக்கும் ஆச்சி கடைசியில் கேட்பது இதுதான்: "யாரிடம் கொடுத்தால் என் புகார் விலைபோகாது?"

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் கொழுந்தனார் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறை என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் 1964-இல் அரசாணையால் ஏற்படுத்தப்பட்டது. அதற்கெனச் சட்டமன்றம் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. அதன் இயக்குநராக வரும் காவல்துறை உயர் அதிகாரியை மாநில அரசே தேர்ந்தெடுக்கிறது. எதிர்க்கட்சித் தலைவரோ நீதிபதியோ இடம்பெறும் தேர்வுக் குழு இல்லை. இத்தனை ஆண்டுகள் நகர்த்தக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பும் இல்லை. தம்மை நியமித்தவர்களையே விசாரிக்க வேண்டிய நிலை வரும்போது அந்த நாற்காலியில் இருப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய முடிவை மக்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள்.

அந்த ஐயத்தை நீதிமன்றங்களும் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. நெடுஞ்சாலை ஒப்பந்தங்கள் தொடர்பாக அன்றைய முதலமைச்சர் மீது வந்த புகாரை, 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த இயக்ககத்திடமிருந்து எடுத்துச் சிபிஐக்கு மாற்றியது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, வழக்கைப் புதிதாகக் கேட்குமாறு திருப்பி அனுப்பியது. அதற்குள் ஆட்சி மாறி, இயக்ககம் புதிய விசாரணைக்கு முனைந்தது. ஆட்சி மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மீண்டும் தொடங்க முடியாது என்று 2023 ஜூலையில் அதே உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே, அமைச்சர்கள் இருவர் விடுவிக்கப்பட்ட பழைய சொத்துக் குவிப்பு வழக்குகளை அந்த நீதிமன்றம் தானாக முன்வந்து மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது, ஆட்சிக்கு ஆட்சி இயக்ககத்தின் நிலைப்பாடு மாறியதைக் கடுமையாகவே கண்டித்தது. ஆகவே, தலைமையின் சுதந்திரம் என்பது சென்னையில் கருத்தரங்கு நடத்துவதற்கான பொருள் மட்டுமன்று.

ஆனால், ஆச்சி, மேலே சொன்ன வழக்குகள் எல்லாம் முதலமைச்சர்களையும் அமைச்சர்களையும் பற்றியவை. உங்கள் புகார் ஒரு சர்வேயரைப் பற்றியது. இரண்டும் ஒரே துறைக்குப் போகலாம். ஆனால் போகும் பாதை வேறு. கொழுந்தனார் அந்த இரண்டு பாதைகளையும் ஒன்றாகக் கருதுகிறார்.

உங்கள் புகாரின் பாதை

நீங்கள் எழுதிக் கையெழுத்திட்ட புகாரைச் சிவகங்கையிலுள்ள ஊழல் தடுப்புப் பிரிவில் கொடுத்தால், முதல் தகவல் அறிக்கை பதிவாகும். வேறு துறைகளைச் சேர்ந்த அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சிகளாக வைத்துக்கொண்டு, ரூபாய் நோட்டுகளின் எண்களைக் குறித்து, அவற்றில் பினாப்தலீன் பொடி தடவி உங்களிடம் தருவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் அது இளஞ்சிவப்பாகும். செய்தித்தாளில் நீங்கள் பலமுறை படித்திருக்கக்கூடிய இந்த நடைமுறையில், இயக்குநர் சென்னையிலிருந்து அனுமதி தர வேண்டிய கட்டம் எங்கேயாவது வருகிறதா என்று பாருங்கள்.

2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, ஒரு பொது ஊழியர் தம் அலுவல் கடமையில் செய்த பரிந்துரையையோ எடுத்த முடிவையோ விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. பெரிய கோப்புகள் உறங்கிப்போக இந்தப் பிரிவு வழி செய்கிறது என்பது என் கருத்து. ஆனால் அதே பிரிவு, லஞ்சம் வாங்கும்போதோ வாங்க முயலும்போதோ கையும் களவுமாகக் கைது செய்யப்படும் வழக்குகளுக்கு இந்த அனுமதி தேவையில்லை என்று தெளிவாக விலக்கு அளிக்கிறது. விசாரணையைத் துணைக் கண்காணிப்பாளர் தரத்திலுள்ள அதிகாரியோ, அரசு அதிகாரமளித்த ஆய்வாளரோ நடத்துவார். பத்திர எழுத்தர் இடையில் இருக்கிறாரே என்றும் கவலைப்பட வேண்டாம். மூன்றாம் நபர் வழியாக வாங்குவதும் 7-ஆம் பிரிவில் அடங்கும், அந்த இடைத்தரகர் மீது 7ஏ பிரிவு தனியாகப் பாயும்.

விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்கும் முன், 19-ஆம் பிரிவின்படி சர்வேயரைப் பணியிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ள அதிகாரியின் இசைவு தேவை. அதற்கு மூன்று மாதம், சட்ட ஆலோசனை வேண்டுமானால் மேலும் ஒரு மாதம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. கெடு தாண்டுவது உண்டு. இங்கே தாமதம் செய்யக்கூடியவர் சர்வேயரின் துறை மேலதிகாரி. லஞ்ச ஒழிப்பு இயக்குநர் அல்லர்.

இயக்குநர் மாறினால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்விக்கு இதோ நேரான விடை. பதிவான முதல் தகவல் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போய்விடும். பிறகு எந்த இயக்குநர் வந்தாலும், அதைத் தம் மேசையிலேயே மூடிவிட முடியாது. வழக்கை முடிப்பதாக இருந்தால் நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அதை நீதிபதி ஏற்கும் முன், புகார் கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்பி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 1985-இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த அறிவிப்பு வருவதற்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் வேண்டும்.

பெயர் போடாத மனு எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். பெயரில்லாமல் ஐந்து இடங்களுக்கு அனுப்புவது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். நடைமுறையில், அந்த ஐந்தில் குறைந்தது மூன்று, ஒரு மேலொப்பத்துடன் கீழே கீழே இறங்கி, "உரிய நடவடிக்கைக்காக" என்று உங்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கே வந்து சேரும். எந்த வீடு, எந்த சர்வே எண் என்று படித்தவுடனேயே எழுதியவர் யார் என்பதும் அங்கே தெரிந்துவிடும். ரகசியமும் போகும், புகார்தாரர் என்ற உரிமையும் உங்களுக்கு இருக்காது.

கொடுத்துவிட்ட 15,000 ரூபாய்

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இந்த இடத்தில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் 8-ஆம் பிரிவின்கீழ் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. ஆனால் கொடுத்த 7 நாட்களுக்குள் காவல் அமைப்பிடம் தெரிவித்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த 7 நாட்கள் எப்போதோ கடந்துவிட்டன. கொடுத்தவரின் வாக்குமூலத்தை அவருக்கெதிராகவே பயன்படுத்தாமல் காத்த பழைய 24-ஆம் பிரிவையும் அதே திருத்தம் நீக்கிவிட்டது. மிரட்டலுக்கு ஆளான எளியவர்களுக்கு இந்த 7 நாள் கெடு நியாயமற்றது என்பது என் உறுதியான எண்ணம். ஊரில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு கெடு இருப்பது தெரியும்?

இதற்காகப் பயந்து பின்வாங்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். இப்போது கேட்கப்படும் 25,000 ரூபாயைப் பொறுத்தவரை, கொடுப்பதற்கு முன்பே அமைப்பிடம் தெரிவித்துவிட்டு, அவர்கள் சொன்னபடி கொடுத்தால் அது உங்கள் மீது குற்றமாகாது என்று அதே பிரிவு சொல்கிறது. முதல் தவணையைப் பற்றிப் புகாரிலேயே, எந்தச் சூழலில், எந்த வற்புறுத்தலின் பேரில் கொடுத்தீர்கள் என்று உள்ளபடி எழுதிவிடுங்கள். அதை விட்டுவிட்டால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுக்கும் முதல் ஆயுதம் அதுவாகத்தான் இருக்கும். இந்தக் காரணத்துக்காகவே, புகாரைக் கொடுக்கும் முன் குற்றவியல் வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரிடம் அதன் வாசகத்தைக் காட்டுங்கள். தேவைப்பட்டால், உண்மை முழுவதையும் சொல்லும் நபருக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் 5-ஆம் பிரிவின்படி சிறப்பு நீதிபதிக்கு இருக்கிறது. கட்டாயத்தால் கொடுத்துவிட்டுத் தாமாக வந்து சொல்லும் மூத்த பெண்மணியைக் குற்றவாளியாக நிறுத்துவதைவிடச் சாட்சியாக வைத்துக்கொள்வதே வழக்குக்கு வலு என்பது விசாரணை அதிகாரிக்கும் தெரியும். ஆனாலும் சட்டம் இன்று உள்ள நிலையில், துளியும் ஆபத்து இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் அது பொய்யாகும்.

சிபிஐயும் லோக் ஆயுக்தாவும்

மருமகனின் யோசனை உங்களுக்குப் பயன்படாது. மாநில அரசு ஊழியரைச் சிபிஐ விசாரிக்க வேண்டுமானால் மாநிலத்தின் இசைவு வேண்டும். பொதுவாக அளித்திருந்த இசைவைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால் இசைவு இல்லாமலும் விசாரிக்கலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு சர்வேயருக்காக மதுரை அமர்வு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

சிபிஐ என்றால் தலைமைக்குப் பாதுகாப்பு உண்டு என்ற நம்பிக்கையையும் சற்றுத் தணித்துக்கொள்ளலாம். 1997-இல் வினீத் நாராயண் தீர்ப்பு, அதன் இயக்குநருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்றது. லோக்பால் சட்டம் வந்த பிறகு பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி அல்லது அவர் குறிப்பிடும் நீதிபதி ஆகியோர் கொண்ட குழு அவரைத் தேர்ந்தெடுக்கிறது. இவ்வளவு இருந்தும் 2018 அக்டோபரில் ஓர் இரவில் அன்றைய இயக்குநர் அலோக் வர்மாவின் அதிகாரங்கள் பறிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 8-இல் அந்த உத்தரவை ரத்து செய்தது. இரண்டே நாளில் தேர்வுக் குழு அவரை வேறு பதவிக்கு மாற்றியது. 2021 முதல், இரண்டு ஆண்டுகள் முடிந்த பின் ஓர் ஆண்டு, இன்னும் ஓர் ஆண்டு என்று மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். நீட்டிப்பை எதிர்பார்த்திருக்கும் அதிகாரியைவிட, நீட்டிப்பே கிடையாது என்று தெரிந்த அதிகாரி நிமிர்ந்து நிற்பார் என்பது என் எண்ணம்.

லோக் ஆயுக்தா என்பது பொது ஊழியர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பு. அதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2018-இல் நிறைவேறியது. அதன் தலைவரையும் உறுப்பினர்களையும் முதலமைச்சர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர் அடங்கிய குழு பரிந்துரைக்கிறது. நியமன முறையில் இயக்ககத்தைவிட ஒரு படி மேல்தான். ஆனால் நாளை மறுநாள் பணம் கேட்டு வரப்போகிறவரைப் பிடிப்பதற்கான அமைப்பு அது அன்று. ஆவணங்களைப் பார்த்து நிதானமாக விசாரிக்கும் அமைப்பு.

உங்கள் மகனுக்கு

சிங்கப்பூரின் ஊழல் விசாரணைப் பிரிவு 1952-இல் தொடங்கப்பட்டது. அது பிரதமர் அலுவலகத்தின் கீழ்தான் இருக்கிறது. உங்கள் மகன் இதுவரை சரியாகச் சொல்கிறார். பிரதமரின் கீழ் இருப்பதால் அது வலிமையாக இருக்கிறது என்ற முடிவைத்தான் நான் ஏற்கமாட்டேன். பிரதமரே ஒரு விசாரணைக்கு இசைய மறுத்தால் என்ன செய்வது என்பதற்கும் அங்கே அரசியல் சட்டம் விடை வைத்திருக்கிறது: குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்று இயக்குநர் விசாரணையைத் தொடரலாம். இயக்குநரின் நியமனத்தையும் நீக்கத்தையும் மறுக்கும் அதிகாரமும் அந்தக் குடியரசுத் தலைவருக்கு உண்டு. 2023 ஜூலையில் பதவியிலிருந்த போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன் கைதானபோது பிரதமர் தாமே இசைவு தந்தார். 2024 அக்டோபரில் அந்த முன்னாள் அமைச்சருக்கு 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மறுக்கப்பட்டால் தட்டுவதற்கு இன்னொரு கதவு இருக்கிறது என்பதே அந்த அமைப்பின் பலம். நம் மாநில இயக்ககத்துக்கு உயர் நீதிமன்றத்தைத் தவிர அப்படி ஒரு கதவு இல்லை. இது மாற வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். அது மாறும் வரை உங்கள் பட்டா காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே எதுவும் நடக்காது என்று அவர் சொல்வதும் முழு உண்மையன்று. திண்டுக்கல்லில், 2023 டிசம்பர் 1 அன்று 20 லட்சம் ரூபாய் லஞ்சப் புகாரில் மத்திய அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரையே இதே இயக்ககம் கைது செய்தது. அதில் அரசியல் உண்டா இல்லையா என்று இரு பக்கமும் பேசினார்கள். ஆனால் வழக்கு தொடங்கியது ஓர் அரசு மருத்துவர் கொடுத்த புகாரில்தான்.

"மேலே போகிறது" என்ற பேச்சு

இதைப் புகாரில் கலக்காதீர்கள் என்று மிகவும் வலியுறுத்துகிறேன். சர்வேயர் கேட்டதும் நீங்கள் கொடுத்ததும் நீங்களே அறிந்தவை. மேலே போகும் பங்கு, பத்திர எழுத்தர் தம் பேரத்துக்கு வலுச் சேர்க்கச் சொன்ன வார்த்தையாகவும் இருக்கலாம். அதை எழுதிய கணத்தில் உங்கள் எளிய புகார், பெரிய அதிகாரிகள் மீதான குற்றச்சாட்டாக உருமாறி, அனுமதி, கருத்துரு, முதல்நிலை விசாரணை என்ற நெடும்பாதைக்குப் போய்விடும். கொழுந்தனார் அஞ்சுகிற அத்தனையும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. இயக்குநர் யார், எத்தனை நாள் இருப்பார் என்ற கேள்விகள் அங்கேதான் உயிர்ப்போடு இருக்கின்றன. உங்கள் வழக்கின் விசாரணையில் கிடைக்கும் தொலைபேசி விவரங்களிலிருந்து உண்மையாகவே மேலே ஒரு கை தெரிந்தால், அதைத் தொடர்வது விசாரணை அதிகாரியின் கடமை. அவர் தொடராவிட்டால், அப்போது கையில் ஆதாரத்துடன் மதுரை அமர்வை நாடலாம்.

பட்டா கிடைக்காமலே போய்விடுமோ?

இந்தப் பயம் இயல்பானது. லஞ்சப் புகார் ஒரு பாதை, பட்டா இன்னொரு பாதை. இரண்டையும் தனித்தனியே நடத்துங்கள். விண்ணப்பத்தின் மீது குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்குமாறு உத்தரவிடக் கோரி, மதுரை அமர்வில் ரிட் மனு போடலாம். இப்படிப்பட்ட உத்தரவுகள் அங்கே அன்றாடம் பிறப்பிக்கப்படுகின்றன. நிராகரித்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. உங்கள் உரிமை பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிற்கிறது; பட்டா தாமதமாவதால் அந்த உரிமை குறையாது. பங்காளிகளுக்கும் இதைச் சொல்லுங்கள், அவர்களுடைய பங்குக்கும் இதனால் இடையூறு இல்லை.

வழக்கு முடியச் சில ஆண்டுகள் ஆகலாம். நடுவில் யாராவது ஊர்ப் பெரியவரை வைத்துச் சமாதானம் பேச வருவார்கள். லஞ்ச வழக்குகள் பல தோற்பது, புகார்தாரர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகும்போதுதான். புகார்தாரர் பிறழ்ந்தாலும் மற்ற சான்றுகளால் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருந்தாலும், உங்கள் வாய்ச்சொல்லுக்கு ஈடு வேறில்லை. மிரட்டல் வந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். இந்த உறுதி உங்களிடம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இல்லையென்று தோன்றினால், மீதிப் பணத்தைக் கொடுக்காமல் ரிட் மனுவோடு நிறுத்திக்கொள்வதும் மதிப்பான வழிதான்.

போவதென்று முடிவெடுத்தால், பத்திர எழுத்தர் அழைக்கும்போது நீங்களாகத் தொகையைச் சொல்லாதீர்கள். அவர் வாயாலேயே வரட்டும். உரையாடல் பதிவான கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். அதன் பதிவைச் சான்றாக்க, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும், மூலக் கருவி இருந்தால் வேலை எளிது. கொழுந்தனாரிடமும் மருமகனிடமும் நாள் சொல்ல வேண்டாம். விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு, பாகப்பிரிவினைப் பத்திர நகல், கைப்பேசி இவற்றோடு சிவகங்கைக்குப் போங்கள். புகார் பதிவானதும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கையில் வாங்காமல் காரைக்குடிப் பேருந்தில் ஏறாதீர்கள்.